வானத்திற்கும் வேலி உண்டு

தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பகுதிகளில் வசிப்போருக்கு விமான ஓசை புதிதன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர் பள்ளி நடைபெற்று வருகிறது. அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்திற்கு மேலுள்ள வான்பகுதியோ, விமானங்கள் நுழையத் தடை செய்யப்பட்டது.

“ஆகாயம் எல்லோருக்கும் பொது, அதற்கு எதற்கு வேலி?” என்று சிலர் கேட்கின்றனர். வேலி வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வேலி எங்கே இருக்கிறது என்பதை எல்லோருக்கும் கற்பிக்கவும் வேண்டும்.

சுவரைக் கண்டால் சைக்கிளை பிரேக் போட்டு நிறுத்தலாம். விமானம் நடுவானில் நிற்காது. வளைந்து திரும்பத்தான் முடியும். விநாடிக்கு 125 மீட்டர் வேகத்தில், 25 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் வட்ட ஆரம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். வேகம் இரு மடங்கானால் ஆரம் நான்கு மடங்காகும். எல்லைக்கு வந்தபின் யோசித்துப் பயனில்லை. ஆகவே விமானி தரையிலேயே வரைபடத்தைப் பார்த்துச் சுற்றுவழியை வகுக்கிறார். அதற்கான எரிபொருளையும் கணக்கிடுகிறார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது விதிக்கப்படுவது போன்ற தற்காலிகத் தடைகளின் அறிவிப்புகளையும் படித்துவிட்டே புறப்படுகிறார்.

வேலி போடுபவருக்கும் கட்டுப்பாடு உண்டு. தடைப்பகுதியின் பரப்பும் இடமும் நியாயமாக இருக்க வேண்டும், போக்குவரத்துக்கு வீண் இடையூறு கூடாது என்கிறது 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு.

இன்று இது விமானிகளுக்கு மட்டுமே உரிய பாடமன்று. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றி டிரோன் பறக்கக் கூடாது. மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் மாணவனுக்கு அந்த நிறங்கள் தெரிவதில்லை. தாழ்வாக இறங்கும் விமானத்தில் அவனுடைய டிரோன் மோதினால் உயிர்ச்சேதம் நேரலாம். பிடிபட்ட பின் தண்டிப்பதால் அந்த உயிர் திரும்பாது.

எனவே நம் புறநகர்ப் பள்ளிகளில், மாவட்ட வரைபடத்தின் அருகே வான்பகுதி வரைபடத்தையும் மாட்டி வைக்க வேண்டும். உங்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது? ஆசிரியரோடு சேர்ந்து இன்றே கண்டுபிடியுங்கள்.