யப்பானிற் பிரயாணம்

யப்பான் செல்லும் நம்மவர்க்கு நாம் முதலிற் கூறவிழைவது கடைசிப் புகையிரதத்தைப் பற்றியே. நரித்தா விமான நிலையம் தோக்கியோவினின்றும் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவிலுளது. நள்ளிரவை அண்டி ஓய்ந்துவிடும் புகையிரதங்கள் விடியற்காலையிலேயே மீண்டும் ஓடும். ஆதலின், இரவில் வந்திறங்கும் குடும்பத்தினர் நேரத்தை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும். தவறின் வாடகை மோட்டாருக்குப் பெரும்பணம் இறுக்க நேரும்.

1964 ஒக்டோபர் 1ஆந் திகதி ஆரம்பமான சிங்கான்சென் அதிவேக வண்டி இன்று தோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்திற் செல்கின்றது. அதில் நீள, அகல, உயரங் கூட்டி 160 சென்ரிமீற்றரை மிஞ்சும் பெட்டிக்கு முன்பதிவு இன்றியமையாதது. கியோத்தோ நகர பஸ்களுட் பெரும்பாலானவற்றிற் பின்வாயிலால் ஏறி, இறங்குகையில் முன்வாயிலிற் கட்டணஞ் செலுத்துவர்.

அந்நாட்டு வண்டி எவருக்காகவும் காத்திராது. அந்நேரவொழுக்கத்தை நம் மாணவர் உடன்கொண்டு மீள்வாராயின், அதுவே பிரயாணத்தின் பெரும்பேறாம்.