கார் போய்விட்டது, பெயர் போய்விட்டதா?

பழைய கார் ஒன்றை விற்க நினைப்பவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. தாமே ஆளைத் தேடிப் பிடித்து நேரடியாக விற்பது ஒன்று. 'கார் சேல்' என்று நம்மவர்கள் சொல்லும் விற்பனை நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு தொகையைச் செலுத்தி வேறொரு வாகனத்தை எடுத்து வருவது மற்றொன்று. இவற்றில் எது இலாபம் என்று அண்மைக்காலமாகப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரனிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்ற நம்பிக்கை கல்முனையில் இன்னும் அழியவில்லை போலும்!

இந்தக் கேள்வி கூடியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் புது வாகனம் வரவில்லை. பழைய வாகனங்கள் கைமாறிக் கைமாறி, வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போன அதிசயத்தை எல்லோரும் கண்டோம். தடை நீங்கிய பின்னர், கையிலிருப்பதைக் கொடுத்துச் சற்று நல்லதாக ஒன்றை எடுப்போம் என்ற எண்ணம் பலருக்கும் வந்ததில் வியப்பில்லை.

முதலில் விலையைப் பார்ப்போம். விற்பனை நிலையத்தில் குறைந்த விலைதான் கிடைக்கும். அதில் அநியாயம் எதுவுமில்லை. வாங்கிய காரைத் திருத்திக் கழுவி, மாதக்கணக்கில் முற்றத்தில் நிறுத்தி, முடங்கிய பணத்துக்கு வட்டியும் கட்டி விற்பவர், அந்தச் செலவையெல்லாம் நம்முடைய விலையில்தான் கழிப்பார். நேரடியாக விற்பவருக்கு அந்தப் பணம் மிஞ்சும். பதிலாக, நேரம் போகும். தெரியாத இலக்கங்களிலிருந்து இரவு பகலாக அழைப்புக்கள் வரும். பார்க்க மட்டும் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவோரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றி எடுப்பதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நிலையத்தார் உங்கள் காருக்கு 36 இலட்சம் தருகிறார். தமது காருக்கு 82 இலட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் உங்களுடையதற்கு 33 இலட்சம்தான் என்கிறார்; அதே தரத்திலுள்ள தமது காரை 76 இலட்சத்துக்குத் தருகிறார். நம்மவர்கள் முதலாமவரிடம்தான் போவார்கள். 'நம்ம காருக்கு நல்ல விலை தாறார்' என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஆனால் முதலாமவரிடம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 46 இலட்சம். இரண்டாமவரிடம் 43 இலட்சம். பழையதற்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதல்ல, மேலே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே கணக்கு.

இனி, நம்பிக்கை பற்றியது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலையையே சொல்வார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் எஞ்சுவது பழுதான கார்களே. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 2001 இல் வேறு இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் சந்தையின் இந்த நோயை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இனங்கண்டு விதி வகுத்த மார்க்கம் ஒன்றை இந்தக் கரையோரத்தார் பின்பற்றுகிறார்கள். மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். மீற்றரைக் குறைத்து வைப்பதும், கடற்காற்றில் அரித்துப்போன அடித்தகட்டுக்குக் கறுப்பு மை பூசி மறைப்பதும், பலமிழந்த ஹைபிரிட் பெட்டரியைப் பற்றி வாய் திறக்காதிருப்பதும் அடியில் கிடந்த அந்த ஈரத் தானியம் அல்லாமல் வேறென்ன? வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதும் தடுக்கப்பட்டது. தரகர் அழைத்துவரும் 'இன்னொரு பார்ட்டி'யை நினைத்துப் பாருங்கள். சந்தை விலை தெரியாமல் வரும் வணிகரை ஊருக்கு வெளியே மறித்து வாங்குவதும் தடுக்கப்பட்டது. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்த பின் விற்பனையை முறித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. அவசரப் பணத்துக்காக முதலில் கண்ட கார் சேலுக்குள் நுழைந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரும் நம் சகோதரர்களுக்கு இந்த உரிமையை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

நம் நாட்டுச் சட்டமும் இதில் முற்றாக மௌனமாக இல்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அந்தப் பொருளையே வியாபாரமாகச் செய்பவரிடம் வாங்கும்போது தரம் பற்றிய ஒரு பொறுப்பை அவர்மீது சுமத்துகிறது. தன் சொந்தக் காரை விற்கும் ஆசிரியர் மீது அதே பொறுப்பு இல்லை. ஆகவே வாங்குபவருக்கு விற்பனை நிலையத்தில் சட்டப் பாதுகாப்பு அதிகம். ஆனால் ஊருக்குள் வாங்குவதில் வேறொரு பாதுகாப்பு உண்டு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரே வீதியில் கோர்த்த ஊர்கள் இவை. எந்தக் கார் எந்த டாக்டருடையது, எந்த வேன் எப்போது மதிலில் மோதியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அக்கர்லொவ் சொன்ன அறியாமை இங்கே பாதிதான். அதனால் நல்ல காரை வைத்திருப்பவர் ஊருக்குள் நேரடியாக விற்பதே நியாயமான விலைக்கு வழி என்பது என் கருத்து.

ஆனால் எந்த வழியில் விற்றாலும் வந்து முட்டுகிற இடம் ஒன்று உண்டு. இதை எழுதத் தூண்டியதும் அதுதான். அதன் பெயர் 'ஓபன் பேப்பர்'.

உரிமை மாற்றப் படிவங்களில் விற்பவர் கையெழுத்திடுவார். வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடமும் திகதியும் வெறுமையாக இருக்கும். "காக்கா, நீங்க சைன் பண்ணித் தாங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவம்" என்பார் விற்பனை நிலையக்காரர். நேரடியாக வாங்குபவர் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருந்தால் இன்னும் இலகு. "நம்ம ஆள்தானே மச்சான், ஆறுதலா மாத்திக்குவம்!" இரண்டிலும் விளைவு ஒன்றே. கார் போய்விடும், பதிவுப் புத்தகத்தில் பெயர் நின்றுவிடும். அந்தப் படிவங்கள் காரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகும். மூன்றாவது, நான்காவது கைக்குப் போன பின்பும் சட்டத்தின் கண்ணில் அது உங்கள் வாகனமே.

விற்பனை நிலையத்தார் இப்படிச் செய்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. தம் பெயருக்கு ஒரு தடவையும் அடுத்தவர் பெயருக்கு இன்னொரு தடவையுமாக இரு தடவை கட்டணம் கட்ட வேண்டும். புத்தகத்தில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடினால் காரின் விலையும் குறையும். மாகாணம் மாறினால் இலக்கத் தகடும் மாற்ற வேண்டும் என்பது முன்பு இன்னொரு சாட்டாக இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாகாண எழுத்துக்கள் நீக்கப்பட்டதால் அது போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை.

பெயர் நின்றால் என்ன? அபராதம் வரும், நீதிமன்ற அழைப்பு வரும். அவற்றையாவது பேசித் தீர்க்கலாம். இந்தக் கரையோரத்தில் பெயரின் பாரம் அதைவிடப் பெரிது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும், அதே மாதம் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்தவையும் யாருக்கும் மறந்திருக்காது. வீதியில் நிறுத்தும் வாகனத்தின் கண்ணாடியில் தொலைபேசி இலக்கத்தை வைத்துவிட்டுப் போகுமாறு பொலிஸார் கேட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில் நிந்தவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓபன் பேப்பரில் விற்ற வேன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். வாங்கிய நிலையத்தார் 'அது அப்பவே போயிற்று' என்று சொல்லிவிட்டார்கள். பல இடங்களுக்கு அவருடன் நானும் தொலைபேசியில் பேசினேன். எட்டு நாட்களின் பின் குருநாகல் பக்கம் மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்த அந்த வேன் அகப்பட்டது. அந்த எட்டு இரவுகளும் அவர் உறங்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாத மனிதர், தன் பெயருக்குப் பயந்து விழித்திருந்தார்.

மூன்று வருடங்கள் கழித்து எரிபொருள் நெருக்கடி வந்தது. 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் கேட்கப்பட்டன. முந்திய சொந்தக்காரர் பதிந்துவிட்ட வாகனத்துக்குப் புதியவர் எண்ணெய் எடுக்க முடியாமல் அலைந்தார். ஓபன் பேப்பர் விற்றவரை மட்டும் அல்ல, வாங்கியவரையும் கடிக்கும் என்பதை அன்று பலர் உணர்ந்தார்கள்.

இது நம் நாட்டின் கதை மட்டுமல்ல. 2025 நவம்பர் 10 ஆம் திகதி டில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கைகள் மாறியது. பொலிஸார் முதலில் போய் நின்றது, அதை எப்போதோ விற்றுவிட்ட பதிவுப் பெயர்க்காரரின் வீட்டு வாசலில்தான். இத்தனைக்கும் இந்தியாவில் இதற்கு விதி உண்டு. 2022 டிசம்பரில் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வாகனத்தை ஒப்படைத்து அதை அறிவித்துவிட்டால், அதன் பின்னர் பொறுப்பு அந்த வியாபாரியுடையது. பிரிட்டனில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காரை வியாபாரியிடம் கொடுத்ததும் அதைத் தெரிவிக்கப் பதிவுப் பத்திரத்திலேயே தனிப்பகுதி இருக்கிறது. இப்போது இணையத்திலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான். விற்பனை நிலையங்களைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் கையில் இருக்கும் காலத்தை உரிமையாளர் எண்ணிக்கையில் சேர்க்காமல், சிறு கட்டணத்துடன் தற்காலிகமாகப் பதியுங்கள். அவர்கள் ஓபன் பேப்பர் கேட்பதற்கான காரணம் அத்துடன் போய்விடும். தண்டத்தைக் கூட்டிப் பயமுறுத்துவதைவிட இதுவே பயன் தரும்.

அதுவரைக்கும் என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். நேரமும் பொறுமையும் இருந்தால் நேரடியாக, அறிந்த ஒருவருக்கு விற்றுவிடுங்கள். இல்லையேல் விற்பனை நிலையத்துக்குப் போங்கள்; ஆனால் மூன்று இடங்களில் விலை கேட்ட பின் போங்கள். எங்கு விற்றாலும் பெயரும் திகதியும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். லீசிங் முடிந்திருந்தால் நிதி நிறுவனத்தின் பெயரைப் புத்தகத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, படிவங்களின் பிரதிகள், கொடுத்த நாளும் நேரமும் குறித்த ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். விற்றதைப் பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு அறிவித்து, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறிய பின்னரே கடைசிப் பணத்தைத் தருவேன் என்று வாங்குபவர் சொன்னால் கோபிக்காதீர்கள். அவர் உங்களுக்கும் சேர்த்தே நன்மை செய்கிறார்.

"இப்படியெல்லாம் கேட்டா ஒரு இலட்சம் குறைப்பாங்களே" என்று ஒரு தம்பி சொன்னார். குறைக்கட்டும். நிந்தவூர் ஆசிரியரிடம் அந்த எட்டு இரவுகளின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.