எடித் ஸ்டைனும் ‘ஒத்துணர்வு’ என்னும் கலைச்சொல்லும்

நிகழ்வியல் இயக்கத்தின் தொடக்ககாலப் பெண் மெய்யியலாளர்களைப் பற்றிப் பேசும்போது அவர்தம் வாழ்க்கை முன்னிற்கிறது, வாதம் பின்தங்கிவிடுகிறது. எடித் ஸ்டைன் (1891-1942) இதற்குத் தக்க சான்று. ஹுசர்லின் உதவியாளர், கார்மேல் சபைத் துறவி, ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டவர் என்னும் மூன்று செய்திகளோடு அவரைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அவர் நிறுவ முயன்றது யாது என்று வினவாமல் அவரைப் போற்றுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே என்பது என் கருத்து.

‘உதவியாளர்’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. ஹுசர்லின் காலவுணர்வு பற்றிய சொற்பொழிவுகளை 1917இல் தொகுத்து நூல்வடிவாக்கியவர் ஸ்டைன். 1928இல் அது ஹைடெக்கரின் பதிப்பாக வெளிவந்தது. முன்னுரையில் ஸ்டைன் சுருக்கெழுத்துக் குறிப்புகளைப் படியெடுத்தவராகவே சுட்டப்படுகிறார். படியெடுத்தல் வேறு, பதிப்பித்தல் வேறு என்பதைத் தமிழாய்வாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இடையில் 1919இல், பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரது பேராசிரியத் தகுதிக்கான விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. அவர் முறையிட்டதன் விளைவாக, பாலினம் அத்தகுதிக்குத் தடையாகாது என்று பிரஷ்ய அமைச்சகம் 1920இல் ஆணையிட்டது.

இனி அவரது வாதத்துக்கு வருவோம். ஃப்ரைபர்க்கில் 1916இல் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத்தந்த ஆய்வேடு, பிறருடைய உள்ளம் நமக்கு எவ்வாறு புலனாகிறது என்று வினவுகிறது. கழைக்கூத்தரைக் காண்பவர் உள்ளத்தால் அவரோடு ஒன்றிவிடுகிறார் என்பது தியோடர் லிப்ஸின் கொள்கை. ஸ்டைன் இதனை மறுத்தார்: காண்பவர் கூத்தரின் அசைவை உள்ளத்தால் பின்தொடர்கிறார், கூத்தராகவே ஆகிவிடுவதில்லை. உடன்பிறந்தவரை இழந்த நண்பரின் துயரை, முகவாட்டத்தை ஏதுவாகக் கொண்டு நாம் அனுமானிப்பதில்லை, அம்முகத்திலேயே உணர்கிறோம். எனினும் அத்துயர் அவருக்கு முதல்நிலை அனுபவம், நமக்கு அன்று. இவ்விடைவெளி அழியாதிருப்பதே ஸ்டைனின் கோட்பாட்டுக்கு உயிர்.

‘ஐன்ஃப்யூலுங்’ என்னும் ஜெர்மன் சொல்லுக்கு நாம் வழங்கும் ‘ஒத்துணர்வு’ இவ்விடைவெளியை அழித்துவிடுகிறது. ஒத்த உணர்வு என்று விரியும் அச்சொல் லிப்ஸுக்குப் பொருந்தலாம். ஸ்டைனின் நூலில் அதைப் பெய்தால், அவர் மறுத்த கொள்கையே அவருடையதாகிவிடும். ‘பரிவு’ என்பதும் பொருந்தாது. பகைவரின் மகிழ்ச்சியையும் ஒருவர் பரிவின்றி உணர இயலும். ‘பிறருளம் உணர்தல்’ என்பது என் பரிந்துரை. நீளமான தொடர்தான்; ஆயினும் ‘பிறர்’ அதில் பிறராகவே நிற்கிறார்.

இத்தேர்வு ஸ்டைனோடு நிற்பதன்று. கெர்டா வால்தர் 1923இல் ஹுசர்லின் ஆண்டிதழில் வெளியிட்ட ஆய்வு, சமூகக் குழுக்களுக்கு ‘உள்ளார்ந்த ஒன்றிணைவு’ அடிப்படை என்கிறது. பிறரை உணர்வது ஒன்று; பிறரோடு இணைந்து ‘நாம்’ ஆவது மற்றொன்று. இரண்டுக்கும் ‘ஒத்துணர்வு’ என்றே எழுதினால், இவ்விரு பெண் மெய்யியலாளரும் எங்கே வேறுபடுகின்றனர் என்பது தமிழில் படிப்பவர்க்குத் தெரியாமலே போகும்.