எட்டு எம்.பி. பாவம்

நான் கணக்கு பார்க்கப் போகும் ஆபீஸ் ஒன்றில், பக்கத்து சீட் பையன் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் பற்றி அரை மணி நேரம் லெக்சர் அடித்தான். 2023-ல் வந்து விருதுகளை வாரிக்கொண்டு போனதே, அதுதான். முடிவில், "நீங்கள்லாம் கேம் ஆடியிருக்கீங்களா சார்?" என்று ஒரு கேள்வி.

பயலே! உனக்குப் பால்பல் விழாத காலத்திலேயே...

நாங்கள் ஆடியது மூலக்கதை அல்ல, கிளைக்கதை. பாரதத்துக்குள் நளன் கதை வருகிற மாதிரி. 1998-ல் வந்த மூல ஆட்டம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யோசித்து, ஆறு பேர் கோஷ்டியை மேய்த்து ஆட வேண்டியது. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? 2001-ல் 'டார்க் அலையன்ஸ்' என்று ஒரு கிளை விட்டார்கள். டி.வி.யில் மாட்டி ஆடுவது. யோசனை கம்மி, வெட்டுக்குத்து ஜாஸ்தி. பூதத்தை அடித்தால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். நம் இன்க்ரிமென்ட் மாதிரி இல்லை; நிஜமாகவே ஏறும்!

அதன் இரண்டாம் பாகம் வெளிவந்த கதைதான் விசேஷம். செய்தது பிளாக் ஐல். இன்டர்ப்ளே என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஒரு பிரிவு. தாய்க் கம்பெனிக்கோ பணத்தட்டுப்பாடு. 2003 டிசம்பரில் பிரிவையே இழுத்து மூடி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டம் கடைக்கு வந்தது 2004 ஜனவரியில். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும். அப்பா போனபின் பிறந்த குழந்தை மாதிரி. (பேலன்ஸ் ஷீட் தேதிக்குப் பின் நடந்த சம்பவங்களுக்கென்றே அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு நான்கு இருக்கிறது. காமர்ஸ் படித்த புத்தி, விடுங்கள்.) போதாக்குறைக்கு, முதல் பாகத்தைச் செய்த ஸ்னோபிளைண்ட் ஆட்கள் தங்கள் என்ஜினை எடுத்து ஓட்டியதாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள்.

2005 மே மாதம் தி.நகரில் இந்தச் சோகம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் பெரியம்மா வீடு. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன். பெரியம்மா பையன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். காலையில் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினேன் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீடு.

ஆட்டத்தில் ஐந்து பேரில் ஒருவரைப் பொறுக்கலாம். நாற்பத்திரண்டு கிலோ இருந்த நான் எடுத்தது டோர்ன் என்கிற கோடரி ராட்சசனை. அண்ணா எடுத்தது பொராடார் என்ற குள்ளனை. பூட்டு, பொறி விஷயங்களில் கில்லாடி. ஊருக்குள் ஒரு பட்டறை வரும், கல் பதித்து நாமே ஆயுதம் செய்துகொள்ளலாம். அதில் அண்ணா காட்டிய நிதானத்தைப் பார்க்க வேண்டுமே! பாண்டி பஜாரில் பெரியம்மா வளையல் வாங்குவது தோற்றது. (இப்போது நியூஜெர்ஸியில் ஒரு பாங்க்கில் இருக்கிறான். ஆச்சரியமா?)

மூன்று வாரம் போராடி மோர்டாக் என்ற ரத்தக்காட்டேரியின் கோட்டை வரை போய்விட்டோம். மறுநாள் கடைசி யுத்தம். அன்று மத்தியானம் அண்ணா டியூஷனுக்குப் போயிருந்தான். நான் தனியாகக் கிரிக்கெட் ஆடி செஞ்சுரி அடித்தேன். அதை சேவ் செய்ய இடமில்லை. மெமரி கார்டு மொத்தமே எட்டு எம்.பி. இன்று ஒரு குட்மார்னிங் வீடியோகூட அதில் அடங்காது. பழைய கார் ரேஸ் என்று நினைத்து ஒன்றை அழித்தேன்.

கார் ரேஸ் இல்லை.

அண்ணா வந்ததும், "கரண்ட் கட்ணா... கார்டு போயிடுச்சு போல" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கார்டைப் போட்டுப் பார்த்தான். பேசாமல் டி.வி.யை அணைத்தான். அடுத்த வாரம் காலேஜ் அட்மிஷன் அலைச்சல், பிறகு கோவையில் ஹாஸ்டல், பிறகு அமெரிக்கா. டோர்னும் பொராடாரும் அந்தக் கோட்டை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மூன்றாம் பாகமோ வரவே இல்லை.

2022 ஜூலையில் இன்டர்ப்ளே அதே ஆட்டத்தைத் தூசி தட்டி, கம்ப்யூட்டருக்கும் இன்றைய கன்சோல்களுக்கும் மறுபடி வெளியிட்டது. பதினெட்டு வருஷம் கழித்து! பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, படம் கொஞ்சம் பளிச். விழுந்தடித்து வாங்கினேன். ஆனால் தனியாகத் தொடங்க மனசு வரவில்லை.

அந்த டிசம்பரில் அண்ணா லீவில் வந்தான். பெரியம்மா இப்போது அடையாறில் ஃபிளாட். சீசனாச்சே, அவரும் அண்ணியும் குழந்தைகளும் சபாவுக்குக் கிளம்பிவிட்டார்கள் (கச்சேரியா, கேன்டீனா என்று கேட்கக்கூடாது). நாங்கள் இருவரும் சோபாவில். அதே டோர்ன், அதே குள்ளன். நான் நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தேன். அண்ணா ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

முதல் பூதக் கூட்டம் முடிந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணா, அன்னிக்கு கரண்ட் கட் ஆகலை..." என்று ஆரம்பித்தேன்.

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்டா. கார்டுல உன் செஞ்சுரி இருந்துதே" என்றான்.

"அப்பவே ஏண்ணா திட்டலை?"

"நூத்தி மூணு நாட் அவுட். பாவமா இருந்தது. லெஃப்ட்ல ஒருத்தன் வரான் பாரு, அடி."

அடித்தேன்.