கைக்குள் பேசுவதும் சைகைதான்

காதுகேளாதோர் சமூகத்தில் காதுகேளாத-பார்வையற்றோரின் இடம் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கொட்டச்சேடு, ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்

எங்கள் நிலைப்பாடு

காதோடு கண்ணும் குறைந்தவர்கள் காதுகேளாதோர் சமூகத்தின் முழு உறுப்பினர்கள். கையின் மேல் கை வைத்துப் பேசும் தொடு சைகை, சைகை மொழியின் முறையான வடிவங்களில் ஒன்று. சங்கக் கூட்டமோ விழாவோ தேர்தலோ, அவர்களுக்குப் பேச்சு போய்ச்சேர வழி செய்யாமல் நடந்தால், அதை அனைவருக்குமான நிகழ்ச்சி என்று எந்தச் சங்கமும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

முழு இருட்டும் முழு நிசப்தமும் சேர்ந்த ஒரு வாழ்க்கையைத்தான் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். பெரும்பாலானோருக்கு நிலைமை அப்படியில்லை. கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் கேட்கும் திறனோ மிஞ்சியிருக்கும். அது நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாறும்.

காதுகேளாதோர் நடுவே வளர்ந்து பின்னர் பார்வையை இழப்பவர்களில் பலருக்குக் காரணம் அஷர் நோய்க்கூறு. அதன் முதல் வகையில் பிறவியிலேயே காது கேட்காது. உடல் சமநிலை குறைவதால் குழந்தை தாமதமாக நடக்கும். சிறு வயதிலேயே மாலைக்கண் தொடங்கும். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவில் சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். தாய், தந்தை இருவரிடமும் அதற்கான மரபணு மாற்றம் இருந்தால்தான் இது பிள்ளைக்கு வரும். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு காரணம், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா. அது குழந்தையின் காது, கண், இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. அதற்கு முன் ருபெல்லா பாதிப்போடு பிறந்தவர்கள் நம்மோடு வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உலகக் காதுகேளாத-பார்வையற்றோர் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் 0.2 விழுக்காட்டினருக்குக் கடுமையான நிலையிலும், மிதமான நிலையையும் சேர்த்தால் சுமார் 2 விழுக்காட்டினருக்கும் இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்கென்று தனிக் கட்டம் இல்லை. ‘பல்வகை ஊனம்’ என்ற ஒரே தலைப்பில் கலந்துபோனார்கள்.

ஏன் காதுகேளாதோர் சமூகம்?

‘கண் போனால் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போகலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பார்வையற்றோர் சங்கத்தில் பெரும்பாலும் எல்லாமே ஒலி வழி நடக்கிறது: பேச்சு, பாட்டு, திரைவாசிப்பான், கைபேசிக் குரல். காது கேளாதவருக்கு அங்கே பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. சைகையில் வளர்ந்தவருக்குப் பார்வை குறைந்தாலும் மொழி கையிலேயே இருக்கிறது. இதுவரை கண்ணால் வாங்கியதை இனிக் கையால் வாங்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியச் சைகை மொழி இதற்கு வசதியானது. அதன் ஆங்கில விரலெழுத்து இரு கைகளால் ஆனது. உயிரெழுத்து ஐந்தும் ஐந்து விரல் நுனிகளில் இருக்கின்றன. சொந்த விரலைத் தொட்டுக் காட்டுவதற்குப் பதில் எதிரிலிருப்பவரின் விரலைத் தொட்டால், அதே எழுத்து அவர் கையில் பதிகிறது. இதே அடிப்படையில்தான் பிரிட்டனின் காதுகேளாத-பார்வையற்றோர் கையெழுத்துமுறையும் இயங்குகிறது. சைகை தெரிந்தவருக்கு, இப்படிப் பிறர் கையில் விரலெழுத்து எழுதப் பழக அதிக நாள் பிடிக்காது.

ஏற்பு எப்படி இருக்கிறது, விலக்கம் எப்படி நடக்கிறது

நல்லதையும் சொல்லியாக வேண்டும். ஒருவருக்குக் கண் மங்குவதை வீட்டாருக்கு முன்பே கண்டுகொள்வது பல சமயம் பள்ளி விடுதித் தோழர்கள்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் அவரை விளக்கடிக்கு அழைத்துப்போகிறார்கள். சைகையை மார்பளவுக்குள் சுருக்குகிறார்கள். பூப்போட்ட சட்டையைத் தவிர்க்கிறார்கள். யார் பேசுகிறார் என்பதைத் தோளில் தட்டிச் சொல்கிறார்கள். இந்தத் திறமை நம் சமூகத்திலேயே பிறந்தது. அதை ஒன்றிரண்டு நல்ல நண்பர்களின் தயவில் விட்டுவைத்திருப்பதுதான் குறை.

விலக்கம் சத்தமில்லாமல் நடக்கிறது. யாரும் ‘வராதே’ என்று சொல்வதில்லை. வட்டமாக நின்று பத்துப் பேர் வேகமாகப் பேசும்போது, குறுகிய பார்வை உள்ளவர் ஒரு கையைத் தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு மூன்று பேரைத் தாண்டிவிடுகிறது. ‘என்ன?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்ற பதில் வருகிறது. கேட்கும் குடும்பத்தில் பிறந்த காதுகேளாதவர் ஒவ்வொருவரும் சாப்பாட்டு நேரத்தில் வாங்கிய பதில் இதுதான்.

ஓரத்திலிருந்து கையசைத்தவரைக் கவனிக்காமல் போனால் ‘திமிர்’ என்கிறார்கள். இருட்டில் தடுமாறினால் ‘குடித்திருக்கிறான்’ என்கிறார்கள். கண் பார்வை குறைகிறது என்ற செய்தி பரவினால் வரன் தட்டிப்போகிறது. அதனால் பலர் முடிந்தவரை மறைக்கிறார்கள், மறைப்பதற்காகவே கூட்டத்துக்கு வருவதைக் குறைக்கிறார்கள். வாட்ஸ்அப் காணொளி நம் மொழிக்குப் பெரிய விடுதலை. சின்னத் திரையில் சைகை பிடிபடாதவருக்கோ அது இன்னொரு பூட்டிய கதவு. ‘நாளைக்கு எனக்கும் இப்படி ஆகுமோ’ என்ற அச்சமும் பலரை விலக வைக்கிறது. கண்ணையே நம்பி வாழும் மக்களிடம் அந்த அச்சம் எழுவது இயல்பு. அதற்காக ஒருவரைத் தள்ளி உட்கார வைக்க முடியாது.

மலைக் கிராமங்களில் இவற்றோடு வேறு சிலவும் சேர்கின்றன. கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. மழைக்காலத்தில் பகலிலேயே மூடுபனி இறங்கும்; மர நிழலில் மாலை சீக்கிரம் மங்கும். வேலை முடிந்து எல்லாரும் கூடுவதற்குத் தோதான மாலை நேரம், மாலைக்கண் உள்ளவருக்குக் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாத நேரம். சேலத்தில் கூட்டம் என்றால், பேச்சு சூடுபிடிக்கும்போது அவர் மலையேறும் பேருந்துக்குக் கிளம்பியிருப்பார்.

எழும் ஆட்சேபங்கள்

*‘ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துப் பேசுவதா?’* இந்தத் தயக்கம் நம் ஊர்களில் உண்மையானது. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட மாட்டோம். தொடு சைகைக்கு ஒழுங்கு உண்டு: கையின் பின்புறத்தை மெல்லத் தொட்டு நிற்பது, தன் பெயர்ச்சைகையைச் சொல்வது, மற்றவர் கை கொடுத்த பிறகே பேசுவது. யாரோடு, எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதைக் காதுகேளாத-பார்வையற்ற பெண்ணே முடிவு செய்வார். அவர் விரும்பினால், பேச்சைக் கைக்குள் சொல்லும் பெண் துணையாளர் கிடைக்கச் செய்வது சங்கத்தின் கடமை. பாதுகாப்பின் பெயரால் அவரிடம் யாருமே பேசாமல் இருப்பதை ஏற்க முடியாது. பேச ஆளில்லாத பெண், தனக்கு நேரும் கொடுமையைச் சொல்லவும் ஆளில்லாதவர்.

*‘கூட்டத்தின் வேகம் குறையும்.’* குறையும். ஒருவர் முடித்த பிறகு ஒருவர் பேச வேண்டியிருக்கும். கேட்போர் நடத்தும் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளருக்காக நிறுத்திப் பேசச் சொல்லி நாம் கேட்பதும் இதையேதான்.

*‘இது ஒழுங்கான சைகை இல்லை.’* 1880இல் மிலானில் நடந்த காதுகேளாதோர் கல்வி மாநாடு சைகையை ஒழுங்கான மொழியாக ஏற்காமல் பள்ளிகளிலிருந்து விரட்டியது. அதே வரிசையில் 2010இல் வான்கூவரில் நடந்த மாநாடுதான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. 130 ஆண்டுகள் அந்த அடியைத் தாங்கிய சமூகம், அதே வாதத்தைத் தன் உறுப்பினர் மேல் வீசக் கூடாது.

*‘அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கட்டும்.’* இருக்கட்டும். மும்பையில் 1977இல் தொடங்கிய ஹெலன் கெல்லர் நிறுவனமும், அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கும் சென்ஸ் இந்தியா அமைப்பும் செய்த பணி பெரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2007 முதல், ஜெலிகா நூசியோ, ஏஜே கிராண்டா என்ற காதுகேளாத-பார்வையற்ற தலைவர்கள், இடையில் பார்வையுள்ளவர் இல்லாமல் தாங்களே ஒருவரோடொருவர் தொட்டுப் பேசும் முறையை இயக்கமாக வளர்த்தார்கள். அந்தத் தன்னாட்சியை முழுமனதாக ஆதரிக்கிறோம். தனி அமைப்பு அவர்கள் விரும்பி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். நாம் கதவைச் சாத்தியதால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

சங்கங்களிடம் கேட்பது

1. கூட்டங்களைப் பகலில் வையுங்கள். தவிர்க்க முடியாத மாலைக் கூட்டத்தில் பேசுபவர் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழ வேண்டும். பின்னால் சன்னலோ கண் கூசும் விளக்கோ இருக்கக் கூடாது. பேசுபவர் தன் தோல் நிறத்திலிருந்து தனித்துத் தெரியும் ஒற்றை நிறச் சட்டை அணிய வேண்டும்.

2. யாருக்கு எந்த முறை வேண்டும் என்று அழைப்பிலேயே கேளுங்கள். சிலருக்கு அருகில் உட்கார்ந்து சுருக்கிய சைகை போதும். சிலருக்குத் தொடு சைகை. சிலருக்குப் பெரிய எழுத்து அல்லது பிரெய்லி.

3. தொடு சைகை இரு தரப்பின் தோளையும் மணிக்கட்டையும் களைப்பாக்கும். ஒருவருக்கு இரண்டு துணையாளர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று, நடுவே இடைவேளை என்று திட்டமிடுங்கள்.

4. என்ன பேசப்பட்டது என்பதோடு, யார் சிரித்தார், யார் எழுந்து போனார், அறையின் மனநிலை என்ன என்பதையும் துணையாளர் சொல்ல வேண்டும். அது தெரியாமல் வாக்களிப்பவர் பாதி தகவலோடு வாக்களிக்கிறார்.

5. நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடும் உரிமை ஏட்டளவில் நிற்காமல், வேட்புமனு முதல் வாக்குச்சீட்டு வரை அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும்.

6. காதுகேளாத குழந்தைகளுக்கு ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை நடக்கப் பள்ளிகளோடும் பெற்றோரோடும் சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். பார்வை மிஞ்சியிருக்கும்போதே தொடு சைகையும் பிரெய்லியும் பழகியவர் பின்னாளில் எளிதில் தனித்துப்போவதில்லை. பரிசோதனை முடிவுகள் குடும்பத்தோடு நிற்க வேண்டும். ஊர்ப் பேச்சாகக் கூடாது.

அரசிடம் கேட்பது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடுதல் வழித் தொடர்பையும் ‘தொடர்பு’ என்பதன் வரையறையில் சேர்த்திருக்கிறது. காது கேளாதோர், பார்வையற்றோர், இரு குறைபாடும் உள்ளோர் ஆகியோருக்கு உரிய மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்று பிரிவு 16 சொல்கிறது. கூடுதல் ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கப் பிரிவு 38 வழி தருகிறது. சட்டத்தில் இருப்பது நடைமுறைக்கு வர வேண்டும்:

• பிரிவு 38இன் கீழ், பயிற்சி பெற்ற தொடர்புத் துணையாளரைக் கூடுதல் ஆதரவாக வழங்க வேண்டும்.

• இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டயப் படிப்பில் தொடு சைகை கட்டாயப் பாடமாக வேண்டும். முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் பயிற்சி, சேலம் போன்ற மாவட்டங்களுக்கும் முகாம்களாக வர வேண்டும்.

• செவித்திறன் சான்று மட்டும் வைத்திருப்பவருக்குப் பின்னர் பார்வை குறைந்தால், மறுமதிப்பீட்டை அலைக்கழிக்காமல் முடிக்க வேண்டும். மலைக் கிராமங்களுக்கு முகாம் வர வேண்டும்.

• அரசு வேலை ஒதுக்கீட்டில் காதுகேளாத-பார்வையற்றோர் மனநலப் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினரோடு ஒரே 1 விழுக்காட்டைப் பங்கிடுகிறார்கள். அதற்குள் இவர்கள் செய்யக்கூடிய பணிகளைத் தனியே அடையாளம் காண வேண்டும்.

• அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தனியே எண்ண வேண்டும்.

நாங்கள் ஏற்கும் பொறுப்பு

மேலே சங்கங்களிடம் கேட்ட ஆறும் எங்களையும் கட்டுப்படுத்தும். எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் விரலெழுத்தைப் பிறர் கையில் எழுதவும், பிறர் கையிலிருந்து வாங்கவும் பழகுவார்கள். அந்தப் பயிற்சியை நடத்துவோர் காதுகேளாத-பார்வையற்றோராகவே இருப்பார்கள், அதற்கு ஊதியமும் பெறுவார்கள். அவர்களைப் பற்றிய எந்தத் தீர்மானமும் அவர்கள் இல்லாத கூட்டத்தில் நிறைவேறாது. இந்த அறிக்கை சைகைக் காணொளியாகவும், பெரிய எழுத்திலும், தமிழ்ப் பிரெய்லியிலும் வெளிவரும். இம்மூன்றும் எட்டாதவருக்கு நேரில் சென்று கைக்குள் சொல்லப்படும். இதன் மேல் அவர்கள் வைக்கும் திருத்தங்களுக்கே முதலிடம்.