மகிழுந்து வானொலியும் மாணவர் கைத்திறனும்



பழைய மகிழுந்தை வாங்குகிறவர் பலர் முதலில் மாற்ற நினைப்பது அதன் வானொலியைத்தான். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகமான முதல் தலைமுறை மைவி இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு, ஒன்பது அங்குலத் திரை கொண்ட ஆண்ட்ராய்டு பிளேயரைப் பொருத்துவது இப்போது பரவலான வழக்கம். வரைபடம் பார்க்கலாம், கைப்பேசியை இணைக்கலாம், வழக்கம்போல் மின்னல் பண்பலையும் கேட்கலாம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால், திரை பளபளவென்று ஒளிர்ந்தால் வேலை நன்றாக முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். திரைக்குப் பின்னால் என்ன செய்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். நேர்த்தி என்பது வெறும் அழகு சார்ந்த செய்தி அன்று. அது பாதுகாப்பு சார்ந்தது, நேர்மை சார்ந்தது. அதைக் கற்பிக்க முடியும். ஆயினும், கற்பிக்க வேண்டிய நாமே அதற்கு உரிய மதிப்பை அளிக்கத் தவறுகிறோம் என்பதே என் கருத்து.

அளவும் நிறமும்

டேஷ்போர்டில் வானொலிக்கென விடப்படும் இடத்திற்கு ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் அனைத்துலகத் தரம் உண்டு. செருமானியத் தரத்திலிருந்து வந்தமையால் இதனைக் கடைகளில் 'டின்' அளவு என்பார்கள். ஒற்றை டின் கருவியின் முகப்பு ஏறத்தாழ 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது. இரட்டை டின் என்றால் உயரம் 100 மி.மீ. டொயோட்டா, டைஹாட்சு மகிழுந்துகள் பலவற்றில் அகலம் மட்டும் 200 மி.மீ. ஆக இருக்கும். 180 மி.மீ. கருவியை அந்த இடத்தில் வைத்தால் இரு பக்கமும் பத்துப் பத்து மி.மீ. இடைவெளி விழும். நான்காம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த கணக்குத்தான் இது. அந்த இடைவெளியை மூடுவதற்கென்றே தனிச் சட்டங்கள் விற்கப்படுகின்றன. கடைக்காரர்கள் அதைக் 'கேசிங்' என்பார்கள். அதை வாங்காமல் அட்டையையோ பஞ்சையோ செருகிவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் கருவி கடகடவென்று ஆடும்.

அடுத்தது நிறம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெற்று, நேரத்தையும் நிலையங்களையும் நினைவில் காக்கிறது. சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரவேண்டும். கறுப்பு ஒயர் மகிழுந்தின் உலோக உடலோடு இணைவது. வெள்ளையும் சாம்பலும் முன்பக்க ஒலிபெருக்கிகளுக்கு. பச்சையும் ஊதாவும் பின்பக்கத்திற்கு. மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றி இணைத்தால், வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நினைவு அழிந்துபோகும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நேரே பேட்டரியோடு இணைத்தால், கருவியை அணைக்க மறந்த இரவில் பேட்டரி வடிந்துவிடும். மறுநாள் காலையில் பிள்ளை பள்ளிக்குத் தாமதமாக வருவான். காரணம் கேட்டால் "வண்டி ஸ்டார்ட் ஆகல சார்" என்பான்!

வெட்டுவதா, இணைப்பதா?

நேர்த்தியான வேலைக்கும் அவசர வேலைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. மகிழுந்தில் ஏற்கெனவே இருக்கும் சாக்கெட்டில் செருகுவதற்கு ஏற்ற இணைப்புச் சாக்கெட் கிடைக்கிறது. அதன் ஒரு முனை மகிழுந்தோடும் மறுமுனை புதிய கருவியோடும் பொருந்தும். தொழிற்சாலையில் அமைத்த ஒயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஆனால், சிலர் அந்தச் சாக்கெட்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் டேப் சுற்றிவிடுகிறார்கள். அன்றைக்குப் பாட்டு கேட்கும். நம் நாட்டு வெயிலில் பூட்டி நிறுத்திய மகிழுந்தின் உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்பதை நாம் அறிவோம். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகும், டேப் நழுவும், வெறும் கம்பிகள் ஒன்றையொன்று தொடும், பியூஸ் போகும்.

பியூஸ் போவது ஒரு நன்மை. அது ஒயரைக் காப்பதற்காகத் தன்னை இழக்கிறது. கருவியின் பின்புறம் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கும். மீண்டும் மீண்டும் போகிறதே என்று அதைவிடப் பெரிய பியூஸைச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். வெள்ளித் தாளைச் சுருட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது பியூஸ் போகாது, ஒயர் எரியும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நன்கு தேர்ந்தவர், வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுவார். பிளாஸ்டிக் நெம்புகோலைக் கொண்டு டேஷ்போர்டைக் கீறாமல் திறப்பார். இணைப்புகளைப் பற்றவைத்தோ அழுத்தியோ இறுக்கி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவார். தொங்கும் ஒயர்களைத் துணி டேப்பால் கட்டி, மிதிகட்டைகளுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் எட்டாமல் ஒதுக்குவார். பெரும்பாலும் மஞ்சள் உறையோடு வரும் காற்றுப்பை ஒயர்களைத் தொடவே மாட்டார்.

ஓர் ஒயர் சொல்லும் பாடம்

காணொளி காட்டும் கருவிகள் பலவற்றில் கைத்தடையோடு இணைக்க வேண்டிய ஒயர் ஒன்று இருக்கும். கைத்தடையை இழுத்து வண்டியை நிறுத்தினால்தான் திரையில் படம் ஓடும் என்பதற்காகத் தயாரிப்பாளர் வைத்த காப்பு அது. பலர் கடைக்காரரிடம் அதையும் உடலோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்கிறார்கள். வண்டி எப்போதும் நின்றுகொண்டிருப்பதாகக் கருவி ஏமாந்துவிடும். பிறகு நெடுஞ்சாலையில் அப்பா வண்டியோட்டிக்கொண்டே படம் பார்க்கலாம். விதிமுறையை ஏய்ப்பது கெட்டிக்காரத்தனம் என்னும் பாடத்தைப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. நன்னெறிக் கல்வி வகுப்பில் நாம் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், கண்ணெதிரே பார்த்த பாடம்தான் நிலைக்கும்.

கைத்திறனுக்கு மதிப்பு உண்டா?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று மகிழுந்து உபரிப்பாகக் கடையொன்றில் பணிபுரிகிறார். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நிறுத்திக்கொள்பவர். அண்மையில் அவர் வேலை செய்வதை நின்று பார்த்தேன். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளின்மேல் அடுக்கி வைத்தார். ஒவ்வோர் ஒயரையும் மீட்டரால் சோதித்த பின்னரே இணைத்தார். "உள்ளே இருப்பதை யாரப்பா பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். "அடுத்து கழட்டுறவரு பார்ப்பாரு சார்" என்றார். வகுப்பறையில் நாம் சொல்லித்தர விரும்பும் பொறுப்புணர்ச்சி அந்த ஒரு வரியில் இருந்தது.

அவருடைய தாயாரைக் கோயிலில் சந்தித்து, மகன் நன்றாக இருக்கிறாரா என்று வினவியபோது, "என்னமோ கடையில சும்மா வேலை பார்க்கிறான் சார்" என்று குரலைத் தாழ்த்திக் கொண்டார். அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னை இதை எழுதத் தூண்டியது. அது அவருடைய குற்றம் அன்று. மதிப்பெண்ணைக் கொண்டே மனிதரை அளக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்த அளவுகோல் மட்டும் நம் மனத்திலிருந்து நீங்கவில்லை.

முன்பு வாழ்வியல் திறன் என்றிருந்த பாடம் இன்று வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பெயரில் நடைபெறுகிறது. அளத்தல், வரைதல், கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாளுதல், செய்துமுடித்ததைச் சோதித்தல் ஆகியவற்றுக்கு இடமளிக்கும் பாடம் அது. ஆனால், கணிதத்திற்கோ மொழிக்கோ கூடுதல் நேரம் தேவைப்பட்டால் முதலில் இரவல் வாங்கப்படுவது அந்தப் பாடவேளைதான். ஆசிரியர்களே, அந்த வேளையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

"எங்கள் பிள்ளைகளை ஒயர் வேலைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். நம் முன்னோர் உடலுழைப்பில் பட்ட துன்பத்தை எண்ணுகையில் அந்த அச்சம் நியாயமானதே. பிள்ளை மருத்துவராகட்டும், வழக்குரைஞராகட்டும், மகிழ்ச்சி. ஆனால், மறைவான இடத்திலும் திருத்தமாகச் செய்யும் பழக்கம் எந்தத் தொழிலுக்கும் வேண்டும். கைவேலையில்தான் நாட்டம் என்றால், அதற்கும் முறையான வழி உண்டு. 2012 முதல் நம் நாட்டில் தொழிற்கல்விப் பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டு, டிப்ளோமா நிலை வரை பயிற்சி வழங்கப்படுகிறது. அதைத் தோற்றவர்களின் புகலிடம் என்று நாமே பேசிவந்தால், திறமையுள்ள பிள்ளை கூசித்தான் நிற்பான்.

பெற்றோர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அவன் முன்னிலையில் இவற்றைக் கேளுங்கள்:

1. ஒயரை வெட்டாமல், இந்த மகிழுந்துக்கு ஏற்ற இணைப்புச் சாக்கெட்டைப் பயன்படுத்துவீர்களா?
2. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குவீர்களா?
3. பியூஸ் எத்தனை ஆம்பியர்? எங்கே இருக்கிறது?
4. கைத்தடை ஒயரை முறைப்படி இணைப்பீர்களா?
5. கழற்றிய பழைய கருவியைத் திருப்பித் தருவீர்களா?

வேலை முடிந்ததும், மூடுமுன் உள்ளே ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். நேர்த்தியாக இருந்தால் அந்த இளைஞரைப் பிள்ளையின் எதிரிலேயே பாராட்டுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். கைத்திறனுக்கு மதிப்பு உண்டு என்பதைப் பிள்ளை அன்று தன் கண்ணால் காண்பான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.