பிரிப்புக் குறியும் பெயரின் மதிப்பும்

மலேசியரின் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் காட்டுகின்றன. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கின்றன. ஜாசினில் பிறந்தவரின் எண்ணில் மலாக்கா மாநிலத்திற்குரிய 04 இடம்பெறும். இப்பகுதிகளைச் சிறு கோடுகள் பிரிக்கின்றன. மனிதர் இதனை எளிதில் புரிந்துகொள்வர். கணினிக்கோ எந்தக் குறியைக் கண்டால் பிரிக்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘சி’ நிரல்மொழியை உருவாக்கினார். அம்மொழியில் எழுத்துகளின் தொடர் ‘சரம்’ எனப்படும். சரத்தைப் பிரிக்க ‘ஸ்டர்டோக்’ எனும் கட்டளை உண்டு. அது பிரிப்புக் குறி இருந்த இடத்தில் முடிவுக் குறியை எழுதிவிடுவதால் மூலச் சரமே மாறிவிடுகிறது. மேலும், அடுத்தடுத்து வரும் இரு குறிகளை அது ஒன்றாகவே கொள்ளும்.

இதனால் என்ன கேடு? தோட்டத்துக் கிராணியின் வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்க்கலாம். அதில் வெற்றுக் கட்டம் ஒருவர் வேலைக்கு வராத நாளைக் குறிக்கும். அப்பதிவேட்டைக் காற்புள்ளியிட்டுக் கணினியில் ஏற்றி, ‘ஸ்டர்டோக்’ கொண்டு பிரித்தால் வெற்றுக் கட்டம் மறைந்துவிடும். மூன்றாம் நாள் செய்த வேலை இரண்டாம் நாள் கணக்கில் ஏறும்.

பெயர்களிலும் இச்சிக்கல் எழக்கூடும். மலேசியத் தமிழரின் பெயர்களில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ எனும் சாய்கோட்டுக் குறிகள் பரவலாக உள்ளன. சாய்கோட்டையே பிரிப்புக் குறியாகத் தேர்ந்தால், தந்தை பெயர் வேறொரு பகுதிக்குச் சென்றுவிடும். இது பெயரின் குற்றமன்று; பெயரை அறியாமல் எழுதப்பட்ட நிரலின் குற்றமே.

ஆயத்தக் கருவிகள் இருக்கும்போது இவற்றையெல்லாம் கற்க வேண்டுமா எனச் சிலர் வினவலாம். கருவி பிழை செய்யும்போது, அதன் செயல்முறையை அறிந்தவரால்தான் பிழையைக் கண்டறிந்து திருத்த முடியும்.

ஆகவே, நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் சரத்தைப் பிரிக்கும் முறையைத் தாமே எழுதிப் பழக வேண்டும். தரவில் வரும் எழுத்துகள் யாவை, வெற்றிடத்தின் பொருள் என்ன என்று முதலில் ஆராய வேண்டும். நிரலுக்காக மனிதர் தம் பெயரை மாற்றுவது முறையாகாது. மனிதரின் பெயருக்கேற்ப நிரலை அமைப்பதே அறிவுடைமையாகும்.